பெட்டி வந்தது, சாவி வரவில்லை

1

பள்ளிக்கூடத்துக்குள் புதுக் கருவி ஒன்று நுழையும்போதெல்லாம் 'இனி எல்லாருக்கும் சமமான கல்வி' என்று ஒரு பேச்சும் கூடவே நுழைகிறது. ரேடியோ வந்தபோது சொன்னார்கள். டி.வி. வந்தபோது சொன்னார்கள். இப்போது செயலி, இணையத்தளம், ஸ்மார்ட் வகுப்பு என்று வரிசையாக வருகின்றன, பேச்சு மட்டும் மாறவில்லை. கருவி என்னவெல்லாம் செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைச் செய்தது யார்? யாரைக் கேட்டுச் செய்தார்கள்? காசு யாருக்குப் போனது? கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள்? இதை எழுதுவதில்லை. சேரியிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்விகள்தான் முதலில் தோன்றும். ஏனென்றால் நமக்குப் பள்ளிக்கூடக் கதவே தட்டித் தட்டித்தான் திறந்தது. கதவைத் தட்டியவன் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்பான்.

அரசுப் பள்ளிகளுக்கான கணினிவழிக் கல்வித் தளங்களை வெளியிலுள்ள மென்பொருள் நிறுவனங்களும் ஆலோசகர்களும் உருவாக்கித் தருவது இன்று நடைமுறையாகிவிட்டது. இதைப் புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இதற்கு 200 வருசத்துக்கும் மேலான ஒரு முன்கதை இருக்கிறது. அதுவும் நம்ம சென்னையிலேயே தொடங்கிய கதை.

2

ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். வெள்ளைச் சிப்பாய்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் செய்து பார்க்கச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றுவிட்டார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அது நடந்தது. பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்குப் பெயர் 'மெட்ராஸ் முறை'. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த தேசியக் கல்விச் சங்கம் இதைக் கையில் எடுத்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்க வைக்கலாம் என்பதுதான் அதன் விற்பனைச் சரக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை. முறைக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது, புகழ் பெல்லுக்குப் போனது. இன்றைய ஆலோசகர்களும் 'களத்திலிருந்து கற்றது' என்று சொல்லிச் செய்வது இதைத்தான். பார்த்து எடுத்துக்கொள்வது, பொட்டலம் கட்டுவது, அப்புறம் விற்பது.

இரண்டாவது, அந்தத் திண்ணையில் நாம் இருந்தோமா என்பது. தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுக்கப்பட்ட கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். 1983-இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின், 'பார், அந்தக் காலத்திலேயே சூத்திரரும் படித்தார்கள்' என்று பெருமை பேசப்படுகிறது. சரி. ஆனால் அந்தக் கணக்கின் சாதிப் பத்திகளைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர் என்று தனித்தனிப் பத்தி. அதற்குப் பிறகு 'மற்றெல்லாச் சாதியாரும்' என்று ஒரே மூட்டை. பறையர், பள்ளர், சக்கிலியர் பிள்ளை எத்தனை என்று கேட்டால் அந்த மூட்டையை அவிழ்க்க வழியில்லை. எண்ணிக்கை இருக்கிறது, நாம் இல்லை. கணக்கெடுப்பவன் வரைந்த கட்டத்தில் நமக்கு இடம் இல்லையென்றால் நாம் இருந்தோமா இல்லையா என்பதே பிறகு வருகிறவனுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் வரைகிற வேலையைத்தான் இன்று மென்பொருள்காரன் செய்கிறான்.

3

நமக்கான பள்ளிகள் தானாக வந்ததில்லை. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். கோயில் நுழைவைப் பற்றி அவர் கேட்டபோது அந்தச் சபை எப்படிக் கொதித்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு 1920-களில் அரசின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தியது. பொதுப் பள்ளியில் நம் பிள்ளையைச் சேர்த்தால் ஊர்க்காரன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் தனிப் பள்ளி. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 'பஞ்சமர்' என்று பெயர் வைத்ததைப் பண்டிதரே கண்டித்தார். பள்ளி கேட்டது நாம். பெயர் வைத்தது வேறு ஆள். இந்த வேறுபாட்டை நம் முன்னோர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கருவிகளின் காலம் வந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்க நாசாவின் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சி காட்டினார்கள். 1984-85-இல் பள்ளிகளுக்குக் கணினி தரும் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியது. சுமார் 250 பள்ளிகளில் முதல் சோதனை. கணினி பிரிட்டனின் ஏக்கார்ன் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ. அதில் ஓடிய பாட நிரல்களும் அங்கேயிருந்து வந்தவைதான், ஆங்கிலத்தில்.

அடுத்த மூன்று வருசத்தில் என்ன நடந்தது? 1987-இல் அதே அரசு 'கரும்பலகைத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு கரும்பலகை, கொஞ்சம் சாமான். அதாவது நாட்டில் எத்தனையோ பள்ளிகளில் எழுதிப்போடக் கரும்பலகைகூட இல்லை என்பது அரசுக்கே தெரியும். அது தெரிந்தும் சீமையிலிருந்து கணினி இறங்கியது. கணினி யாருக்குப் போனது, கரும்பலகைக்குக் காத்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பள்ளிகளுக்கு டி.வி.யும் இந்தப் பெட்டியும் கொடுத்தார்கள். எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆயா ஒருத்தி, 'இதுவா பாடம் சொல்லும்?' என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் மேசை மேல் இருந்தது. அப்புறம் ஹெட்மாஸ்டர் அறை பீரோவுக்குள் போய்விட்டது. 'உடைச்சிட்டா யாருடா பதில் சொல்றது? உங்கப்பன் காசு குடுப்பானா?' என்று கேட்டார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. சரக்குப் பதிவேட்டில் அது அவர் பெயரில்தான் ஏறியிருந்தது, ரிப்பேருக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் பெட்டி வெளியே வரும். துடைத்து வைப்பது எங்கள் வேலை. அதில் என்ன பாடம் இருந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

பெட்டியைத் திட்டம் போட்டவன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அவன் மனதில் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. பூட்டு இல்லாத, பயம் இல்லாத, மின்சாரம் போகாத பள்ளிக்கூடம் அது.

4

2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசு 'தீக்ஷா' தளத்தைத் தொடங்கியது. நந்தன் நீலேகணி முதலானோர் நிறுவிய எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய 'சன்பேர்டு' என்ற திறந்த மென்பொருள்தான் அதன் அடித்தளம். பாடநூலில் கியூ.ஆர். கோடு அச்சிட்டு, போனைக் காட்டினால் காணொளி வரும் ஏற்பாடு. தமிழ்நாட்டிலும் 2018-இல் வந்த புதுப் பாடநூல்களில் அந்தக் கட்டங்கள் ஏறின. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதற்கு முன்பே, 2011 முதல், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுத்தது. நம் வீடுகளில் முதல்முதலாகக் கணினி நுழைந்தது அப்படித்தான். அதை இலவசம் என்று கேலி செய்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தது. அந்தக் கேலிக்கு நாம் துணைபோக வேண்டியதில்லை.

2020-இல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. அதுவரை துணைக்கருவியாக இருந்தது ஒரே நாளில் பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வுப்படி கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதம், இணைய வசதி இருந்தது 14.9 சதம். இந்த எண்கள் அரசின் கையில்தான் இருந்தன. ஆன்லைன் வகுப்பு என்று அறிவித்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஜான் டிரீஸ் முதலானோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் சுமார் 1,400 ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இன்னும் நேராகச் சொல்கிறது. கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 சதம்தான். அதிலும் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 சதம், மற்றப் பிள்ளைகளில் 15 சதம். ஏழைகள் என்று தேர்ந்தெடுத்த தெருக்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம். வறுமை மட்டும்தான் காரணம், சாதி இல்லை என்று பேசுகிற தோழர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் 2020 ஜூனில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது ஒரு தலித் மாணவி தற்கொலை செய்துகொண்டாள். வீட்டு டி.வி. கெட்டுப்போயிருந்தது, போனுக்குக் காசு போட முடியவில்லை, வகுப்பைப் பார்க்க முடியாத வேதனை என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதன் பிறகே பொது இடங்களில் டி.வி. வைக்கும் ஏற்பாடு வேகம் பிடித்தது. திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதை நம் பிள்ளையின் சாவு போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், வர முடியாத பிள்ளையை விட்டுவிட்ட அதே தளங்கள் வந்த பிள்ளையைப் பற்றிய விவரங்களை அள்ளிக்கொண்டன. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022 மே மாதம் உலகெங்கும் 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், பத்தில் ஒன்பது பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்தன அல்லது செய்யக்கூடியவையாக இருந்தன என்றது. தீக்ஷாவும் அதில் உண்டு. 2023 ஜனவரியில் வந்த செய்தி இன்னும் மோசம். தீக்ஷாவின் தகவல்கள் பூட்டாத ஒரு சர்வரில் கிடந்திருக்கின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் அதில் இருந்தன.

நமக்கு இது வெறும் தனியுரிமைப் பிரச்சினை அல்ல. பள்ளிப் பதிவேட்டில் சாதி இருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது இருந்தே ஆக வேண்டும், அதை எடுத்துவிடச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியை யார் திறந்து பார்க்கலாம்? ஒப்பந்தக் கம்பெனியின் ஊழியன் பார்க்கலாமா? வகுப்பாசிரியர் தன் போனில் பார்த்துவிட்டு வகுப்புக்குள் வரலாமா? மன்றோ காலத்துக் கணக்கில் நமக்கென்று பத்தி இல்லாதது ஒரு ஆபத்து. இன்று பத்தி இருந்து, அதற்குப் பூட்டு இல்லாதது வேறு ஆபத்து.

5

வெளிக் கம்பெனியை நம்பிப் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஜூனில் அந்த மாநில அரசு பைஜூஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்குமாக ஐந்து லட்சத்துக்கும் அதிகமான டேப்லெட்டுகளை, பைஜூஸ் பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். பாடம் இலவசம் என்றது கம்பெனி. டேப்லெட் வாங்கியது அரசுப் பணத்தில். அந்த 2022-இல் பைஜூஸின் மதிப்பு 22 பில்லியன் டாலர் என்று பேசப்பட்டது. 2024 ஜூலை 16 அன்று, கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மேல் திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் டேப்லெட் வாங்கிய பிள்ளை பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பாடம் கொடுத்த கம்பெனி தீர்ப்பாயப் படியில் நின்றது.

அமெரிக்காவிலும் இதேதான். லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரப் பள்ளிகளில் பெரும்பான்மை லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள், ஏழைகள். 2024 மார்ச்சில் அந்தப் பள்ளி நிர்வாகம் 'எட்' என்ற உரையாடும் மென்பொருளை ஆரவாரமாக அறிமுகம் செய்தது. ஆல்ஹியர் என்ற சிறு கம்பெனிக்கு 60 லட்சம் டாலர் ஒப்பந்தம். மூன்றே மாதத்தில் கம்பெனி பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. எட் நிறுத்தப்பட்டது. நவம்பரில் அதை நிறுவியவர் மோசடிக் குற்றச்சாட்டில் கைதானார்.

கம்பெனி போய்விடும். பள்ளிக்கூடம் எங்கே போகும்? நம் பிள்ளை எங்கே போவான்? வசதி உள்ளவன் வேறு கம்பெனியிடம் டியூஷன் வாங்குவான். கெட்டுப்போன கருவியோடு மிச்சமிருப்பது நாம்தான்.

வேலை நடக்கிற முறையிலேயே கோளாறு இருக்கிறது. முதலில் ஒரு ஆலோசனை நிறுவனம் தேவை என்னவென்று எழுதுகிறது. அதை வைத்து டெண்டர். டெண்டர் எடுத்தவன் கீழே இன்னொருவனுக்குத் தருகிறான். பயிற்சி என்று ஒரு நாள். அப்புறம் மேலே சென்னையில் ஒரு திரையில் மாவட்டவாரியாகப் பச்சை, சிவப்பு. அந்தத் திரை பச்சையாக வேண்டும் என்பதற்காக ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுப் போனில் பதிவு போடுகிறார். எமிஸ் பதிவு வேலையை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் பலமுறை குரல் கொடுத்தது இதனால்தான். இந்தச் சங்கிலியில் சேரிப் பள்ளி ஆசிரியர் எங்கே வருகிறார்? கடைசியில், பதிவு போடுகிறவராக. பிள்ளை எங்கே வருகிறாள்? பதிவாக.

6

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கேரளம் 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கும் பெரிய கம்பெனிகளின் மென்பொருளும் பயிற்சியும்தான். ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. பயிற்சி கொடுத்தவர்கள் பள்ளி ஆசிரியர்களே. வகுப்பில் நின்றவரே கருவியைத் திருத்தினார், பாடத்தை எழுதினார், மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார். 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக ஆனது.

இதைப் பாராட்டும்போதே ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்த ஆசிரியர் யார்? கேரளத்தில் அரசு சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். எஸ்.சி., எஸ்.டி. இட ஒதுக்கீடு இல்லாமலே அது பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. கம்பெனி கையிலிருந்து ஆசிரியர் கைக்குச் சாவி வந்தது பெரிய காரியம். ஆனால் அந்த ஆசிரியர் அறைக்குள் தலித் இல்லையென்றால் சாவி ஊருக்குள்தான் சுற்றிவரும், சேரிக்கு வராது. ஜூன் மாதம் அந்தப் பிள்ளை வீட்டு டி.வி. கெட்டுக் கிடந்தது திட்டம் போட்ட மேசைக்குத் தெரியாமல் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது கருவியைவிட ஆளைத்தான் நம்பினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் தெருவில் பாய் விரித்துப் பாடம் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வேலை வாங்கியது தனியாகப் பேச வேண்டிய சுரண்டல். ஆனாலும் தெருவை அறிந்தவள் தெருவில் உட்கார்ந்தபோது பிள்ளைகள் வந்தார்கள். பெல் எழும்பூரில் கண்டதும் இதுதான். மணலும் விரலும் சும்மா சாதனங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைதான் முறை.

7

தொழில்நுட்பம் நமக்கு எதிரி என்று முடித்துவிடக் கூடாது. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அச்சு எந்திரம் வந்தபோது நம் முன்னோர்கள் அதைப் பார்த்து ஒதுங்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் கொண்டுவந்தார், பிறகு சொந்தமாக அச்சகமும் வைத்தார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளிகள் காசு போட்டுப் புத்தகங்களைப் பதிப்பித்தார்கள். அன்றைக்கு அச்சுதான் புதுக் கருவி. எழுத்துக் கோப்பதிலிருந்து விற்பதுவரை நம் கையில் இருந்ததால் அது நம் கருவியாக ஆனது. நூறு வருசம் கழித்து நம்மை நாமே தேடியபோது கிடைத்தவை அந்தத் தாள்கள்தான்.

அதனால் நம் கோரிக்கை 'எங்களுக்கும் ஒரு டேப்லெட் கொடு' என்பதோடு நிற்கக் கூடாது. பொதுப்பணத்தில் செய்த மென்பொருளின் மூல நிரலும் பாடமும் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். கம்பெனி ஓடினாலும் பள்ளி ஓட்ட முடிய வேண்டும். தேவை என்னவென்று எழுதுகிற முதல் மேசையிலேயே ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்களும் விடுதி மாணவர்களும் சம்பளத்தோடு உட்கார வேண்டும், கடைசியில் கருத்துச் சொல்ல மட்டும் கூப்பிடக் கூடாது. இணையம் இல்லாமலும் அது ஓட வேண்டும், ரிப்பேருக்குப் பணம் வேண்டும், உடைந்தால் ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. பிள்ளையின் சாதி விவரத்தை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவைப் பெற்றோர் கேட்டுப் பார்க்க உரிமை வேண்டும். எத்தனை டேப்லெட் கொடுத்தோம் என்பதை மட்டும் சொல்லாமல், ஒரு வருசம் கழித்து எந்தத் தெருவில் எத்தனை ஓடுகிறது என்ற கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

கணினி படித்த நம் இளைஞர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்த இலவச லேப்டாப்பில் படித்து வந்தவர்கள் பலர். கம்பெனிக்கு நிரல் எழுதுகிற கை நம் பள்ளிக்கும் எழுதும். அரசு கேட்டால் எழுதும், கேட்காவிட்டால் நாமே கூடி எழுதத் தொடங்கலாம். பண்டிதர் எந்த டெண்டருக்கும் காத்திருந்து பத்திரிகை நடத்தவில்லை.